காணாமற் போன 'வாவ்': ஓதலை இறுவட்டில் பதிவோர் கவனத்திற்கு

எம்மிடம் குர்ஆன் மனனம் செய்ய வருவோருள் கண் பார்வையற்ற பிள்ளையொருவர் இருக்கிறார். அஸர் தொழுகைக்குப் பின் வருவார். முதல் நாள் கேட்டு மனனமிட்டதை என் முன்னால் ஓதிக் காட்டுவார். குரலும் நல்லது, ஞாபகமும் நல்லது. ஒரு நாள் ஓரிடத்தில் ஒரு 'வாவ்' எழுத்தை விட்டுவிட்டு ஓதினார். திருத்தினேன். மறுநாள் அதே இடத்தில் அதே 'வாவ்' இல்லை. மூன்றாம் நாளும் அப்படியே.

"மகன், நேத்தும் இந்த இடத்தத் திருத்தித் தந்தேனே" என்றேன். பிள்ளை சற்றுத் தயங்கிவிட்டு, "சீடியில உஸ்தாத் அப்பிடித்தானே ஹஸ்ரத் ஓதுறாங்க" என்றார்.

அந்த உஸ்தாத் எனக்கு ஓதித் தந்தவர். இப்போது மர்ஹூம். தொண்ணூறுகளின் இறுதியில் நாம் அறபுக் கல்லூரியில் இருந்தபோது மாணவர்களின் வேண்டுகோளுக்கிணங்கக் கசட்டுகளில் ஓதித் தந்தார்கள். ஒரு 'வாவை' அவர் விட்டார் என்பதை என்னால் நம்ப இயலவில்லை. அன்றிரவு அந்த இறுவட்டைப் போட்டுக் கேட்டேன். பிள்ளை சொன்னது சரி. இறுவட்டில் 'வாவ்' இல்லை. பெட்டியிலிருந்து பழைய கசட்டைத் தேடியெடுத்துக் கேட்டேன். அதில் தெளிவாக இருந்தது.

அறபு மொழியில் 'வாவ்' என்பது எமது 'உம்' போல இரண்டை இணைக்கும் எழுத்து. அது விடுபட்டாலும் வசனம் வசனமாகவே நிற்கும், செவிக்கு உறுத்தாது. முஸ்ஹபைத் திறந்து பார்க்கக்கூடிய பிள்ளையாயின் அன்றே கண்டுபிடித்திருக்கும். இந்தப் பிள்ளைக்கோ அந்த இறுவட்டுத்தான் முஸ்ஹப்.

அந்த இறுவட்டு 2009ஆம் ஆண்டு கொழும்பில் ஒரு கடையில் கசட்டைக் கொடுத்துப் பதிவித்தது. கடைக்காரரை மட்டும் குறை சொல்ல நான் தயாரில்லை. வாங்கி வந்து உறையில் பெயரெழுதி வைத்தேனே தவிர, ஒரு தடவையேனும் முழுதாகக் கேட்டுப் பார்க்கவில்லை. அதன் பிறகுதான் இந்த வேலையை நாமே செய்ய வேண்டும், அதற்கு எந்த இயந்திரத்தை வாங்குவது என்ற தேடல் ஆரம்பமாயிற்று. அந்தத் தேடலில் தெரிந்து கொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன். பெற்றோரின் குரல், உஸ்தாதின் குரல், ஊர்ப் பெரியாரின் பயான் என்று கசட்டுகளைப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் குடும்பங்கள் எம்மிடையே அநேகம்.

'கையில் தொலைபேசி இருக்கும் காலத்தில் இறுவட்டு எதற்கு?' என்று வாசகர்கள் கேட்கலாம். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாஸாவில் ஒரு கடைத் தம்பியும் அதையே கேட்டார்: "இத இப்ப ஆரு ஹஸ்ரத் கேக்குற? ஒரு பென் டிரைவ் எடுத்துட்டுப் போங்களேன்." அவரது கேள்வி நியாயமானதே. ஆனால் விடுதி மத்ரஸாக்கள் பலவற்றில் மாணவர்கள் கைத்தொலைபேசி வைத்திருக்க அனுமதியில்லை. ஓதலைக் கேட்க ஒரு சீ.டீ. செட் இருந்தால் யாரும் ஆட்சேபிப்பதில்லை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோது, பற்றரியில் இயங்கும் பழைய செட்டுகள்தான் கைகொடுத்தன. எமது பிள்ளைக்கு அவரது செட்டின் பொத்தான்கள் விரலுக்குப் பழக்கம். கண்ணாடி போல வழுக்கும் திரையில் அவருக்குப் பிடிமானம் இல்லை. அந்தச் செட்டு எம்.பி.3 கோப்புகளை வாசிக்காது. சாதாரண ஓடியோ இறுவட்டு மட்டுமே அதற்குத் தெரியும்.

இரத்மலானைவாசிகளுக்கு இது புதிய விடயமல்ல. மேரி செப்மன் அம்மையார் 1912இல் ஆரம்பித்த செவிப்புலனற்றோர், விழிப்புலனற்றோர் பாடசாலை எமது ஊரில்தான் இருக்கிறது. பார்வையற்றோருக்கு ஒலியும் ஒரு நூல் என்பதை உலகம் நன்கறியும். அதற்கெனவே 'டெய்ஸி' என்ற பேசும் நூல் முறையொன்று உருவாகி, 1996இல் அதற்கான சர்வதேசக் கூட்டமைப்பும் அமைந்தது. அம்முறையில் ஒரே இறுவட்டில் பல மணித்தியாலங்களை அடக்கலாம். வசதியுள்ளவர்கள் அதற்குரிய இயந்திரத்தை வாங்கலாம். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் செட்டை நம்பியிருப்போரைப் பற்றியே நான் பேசுகிறேன்.

எழுத்து எப்படி விழுங்கப்படுகிறது?

இறுவட்டு என்பது பிலிப்ஸ், சோனி ஆகிய இரு நிறுவனங்கள் சேர்ந்து வகுத்து 1982இல் சந்தைக்கு வந்த ஒன்று. ஒரு விநாடி ஒலியை 44,100 துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் எண்ணாக எழுதுகிறது. இடது, வலது என இரு பக்கங்களுக்கும் சேர்த்து விநாடிக்கு 1,76,400 பைட். இவை யாவும் நடுவிலிருந்து விளிம்பு நோக்கிச் சுருள் சுருளாகச் செல்லும் ஒரே கோட்டில் உள்ளன. அந்தக் கோட்டை நீட்டிப் பிடித்தால் 5 கிலோமீற்றருக்கு மேல் வரும். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையில் உள்ள தூரம் ஒரு மில்லிமீற்றரை ஆயிரம் கூறாக்கினால் அதில் 1.6 கூறு மட்டுமே.

செட்டில் போட்டால் இறுவட்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 500 முதல் 200 சுற்று வரை சுழலும். உட்புறத்தில் வேகமாகவும் விளிம்பில் மெதுவாகவும். ஆகவே ஒரு சுற்றுக்கு எடுக்கும் நேரம் விநாடியில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு முதல் முப்பது பங்கு வரை. எழுத்து மங்கலாக உள்ள இடத்தில் லேஸர் ஒளி வழி தவறி அடுத்த சுற்றுக்குத் தாவினால், விழுங்கப்படும் நேரம் அவ்வளவுதான். 'வ' என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். அதற்கும் ஏறக்குறைய அதே நேரம்தான் செல்லும். எமது 'வாவ்' போன வழி இதுவே. கூர்ந்து கேட்டால் அந்த இடத்தில் சின்னஞ்சிறு வெட்டொன்று தெரிகிறது. மனனமிடும் பிள்ளை அதை உஸ்தாதின் ஓதலாகவே எடுத்துக்கொள்ளும்.

இதைவிட நுட்பமான ஆபத்தொன்றும் உண்டு. கணினிக் கோப்புகளை எழுதும் இறுவட்டில், ஒவ்வொரு 2,352 பைட் பகுதியிலும் 2,048 மட்டுமே எமது தகவல். மிகுதியிற் பெரும் பங்கு பிழை கண்டு திருத்துவதற்கான காவல். ஓடியோ இறுவட்டில் அந்தக் கூடுதல் காவல் இல்லை; 2,352உம் ஒலியே. எல்லா இறுவட்டுகளுக்கும் பொதுவான அடிப்படைத் திருத்த முறையொன்று இருக்கிறது. அது சுமார் 2.5 மில்லிமீற்றர் நீளக் கீறலைக்கூட முழுமையாகச் சரிசெய்து விடும். அதற்கு மேற்பட்டால் செட்டு என்ன செய்கிறது தெரியுமா? முன்னும் பின்னும் உள்ள ஒலியைப் பார்த்து இடையில் இருந்திருக்கக் கூடியதைத் தானே ஊகித்து நிரப்புகிறது. அதற்கும் வழியில்லாவிடில் ஒலியை ஒரு கணம் மௌனமாக்கி விடுகிறது. கோப்பு கெட்டால் கணினி 'வாசிக்க முடியவில்லை' என்று முறையிடும். ஓடியோ இறுவட்டு கெட்டால் முறையிடுவார் எவருமில்லை, அது பாடிக்கொண்டேயிருக்கும். சினிமாப் பாட்டுக்கு இது பெரிய குறையன்று. ஓதலில் ஊகத்திற்கு இடமில்லை என்பதை நான் சொல்லித்தான் வாசகர்கள் அறிய வேண்டுமென்பதில்லை.

கெய்ரோவில் ஷெய்க் மஹ்மூத் கலீல் அல்ஹுஸரீ அவர்களின் குரலில் முழுக் குர்ஆனும் முதன்முதலாக ஒலிப்பதிவு செய்யப்பட்டு 1961இல் இசைத்தட்டுகளாக வெளிவந்தபோது, அறிஞர் குழுவொன்று கேட்டுச் சரிபார்த்த பின்னரே அது மக்களிடம் சென்றது. எழுத்துப் பிரதிக்குப் பிழைதிருத்துநர் இருப்பது போல ஒலிப் பிரதிக்கும் ஒருவர் வேண்டும் என்பதை அவர்கள் அன்றே உணர்ந்திருந்தார்கள். நான் 2009இல் உணரவில்லை.

எந்த ரைட்டரை வாங்குவது?

கடையில் விற்கும் இசை இறுவட்டுக்கும் நாம் வீட்டில் பதிவதற்கும் வித்தியாசம் உண்டு. கடை இறுவட்டு அச்சில் அழுத்தி வார்க்கப்படுவது. அதில் உண்மையான பள்ளங்கள் இருக்கின்றன. நாம் பதியும் சீ.டீ.-ஆர். தட்டில் ஒரு சாயப் படலம் இருக்கிறது. ரைட்டரின் லேஸர் அந்தச் சாயத்தைச் சுட்டுப் புள்ளிகளை உண்டாக்குகிறது. சூடு கூடினால் புள்ளி பரந்து விடும்; குறைந்தால் மங்கும். ஆகவே நல்ல ரைட்டர் என்பது சூட்டின் அளவறிந்து சுடுவது. அப்பம் சுடும் தாய்மாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஒவ்வொரு வெற்றுத் தட்டிலும் அதைத் தயாரித்த நிறுவனத்தின் இரகசியக் குறியீடொன்று பொறிக்கப்பட்டுள்ளது. ரைட்டர் முதலில் அதை வாசித்து, தன் நினைவகத்திலுள்ள பட்டியலைப் பார்த்து, 'இந்தச் சாயத்துக்கு இவ்வளவு சூடு' என்று தீர்மானிக்கிறது. பின்னர் தட்டின் உள்விளிம்பில் அதற்கென ஒதுக்கிய இடத்தில் சிறிது சுட்டுப் பார்த்துச் சரிசெய்து கொள்கிறது. எனவே 'எது சிறந்த ரைட்டர்?' என்று தனியாகக் கேட்பதில் பயனில்லை. இந்தத் தட்டுக்கு இந்த ரைட்டர் பொருந்துமா என்றே கேட்க வேண்டும். கலியாணப் பேச்சுப் போலத்தான். இரு பக்கமும் நல்லவர்களாயிருந்தும் ஒத்துப் போகாமற் போவதுண்டு.

இணையத்தில் தேடினால் இரண்டு பழைய பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். ஒன்று யமஹா 2002இல் வெளியிட்ட சீ.ஆர்.டபிள்யூ.-எஃப்1. ஓடியோ பதிவதற்கென்றே அதில் தனி வசதியொன்று இருந்தது. புள்ளிகளைச் சற்று நீளமாக எழுதும். வாசிக்கும் செட்டுக்கு அவை தெளிவாகத் தெரியும். அதற்குக் கொடுக்கும் விலை, 74 நிமிடத் தட்டில் 63 நிமிடமே அடங்கும் என்பது. மற்றையது பிளெக்ஸ்டர். அதன் 2003ஆம் ஆண்டுப் 'பிரீமியம்' ரகம், பதிந்த தட்டின் பிழைகளை எண்ணிக் காட்டும் கருவியோடு வந்தது. இரண்டும் தம் காலத்தில் சிறந்தவை என்பதில் ஐயமில்லை.

ஆயினும் இன்று அவற்றைத் தேடி அலைய வேண்டாம் என்பதே என் கருத்து. அவை உற்பத்தியில் இல்லை. கிடைப்பவை யாவும் இருபது வருடம் உழைத்துக் களைத்தவை. லேஸர் ஒளி பாவனையில் மங்கும். தட்டைத் திறந்து மூடும் இறப்பர் பட்டி எமது வெப்பத்தில் இறுகி விடும். அவற்றின் அகன்ற பழைய ரக இணைப்பு இன்றைய கணினிகளில் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அவற்றின் பட்டியலில் பிற்காலத்துத் தட்டுகளின் குறியீடுகள் இல்லை. அறியாத தட்டைக் கண்டால் பொதுவான சூட்டில் சுட்டுவிட்டுப் போகும்.

அடுத்து, மடிக்கணினிக்கென்று விற்கும் மெல்லிய யூ.எஸ்.பி. ரைட்டர்கள். பார்க்க அழகானவை, பையில் வைக்கலாம். நானும் முதலில் அதில் ஒன்றைத்தான் வாங்கினேன். ஒரே கட்டிலிருந்து எடுத்த பத்துத் தட்டில் மூன்று பாழாயின. கணினியின் யூ.எஸ்.பி. வாயிலிருந்து வரும் சொற்ப மின்சாரத்தைக் கொண்டே மோட்டரையும் சுழற்றி, லேஸரையும் எரிக்க வேண்டியது அதன் தலைவிதி. உடலும் இலேசானது, தட்டுச் சுழலும் அதிர்வை அடக்கும் கனம் அதற்கில்லை. அவசரத்துக்கு ஒரு தட்டை வாசிக்க உதவும். வருடக்கணக்கில் இருக்க வேண்டிய ஓதலைப் பதிய அது போதாது.

மேசைக் கணினிக்குள் பொருத்தப்படும் பெரிய ரகத்தையே நான் சிபாரிசு செய்வேன். எல்.ஜி., லைட்-ஒன், அசுஸ் போன்ற பெயர்களில் வந்த சாதாரண டீ.வீ.டீ. ரைட்டர்கள் இவை. மடிக்கணினி மட்டும் வைத்திருப்போர், தனியான 12 வோல்ட் மின்சாரம் கொடுக்கும் யூ.எஸ்.பி. இணைப்புக் கருவியோடு இதைப் பாவிக்கலாம். நான் இறுதியில் எடுத்தது, மூடப்பட்ட ஓர் அலுவலகத்தின் கணினியிலிருந்து கழற்றிய லைட்-ஒன். அதைத் தெரிவு செய்ததற்குக் காரணம், அந்நிறுவனத்தின் ரைட்டர்கள் பல, பதிந்த தட்டின் பிழைகளை எண்ணித் தரக்கூடியவை. எல்லா ரைட்டர்களும் இதைத் தரா. வாங்குமுன் அந்த ரக இலக்கத்தைக் குறித்துக்கொண்டு, பிழை எண்ணும் வசதி அதில் உண்டா என்று விசாரித்தறிவது நன்று.

பழையது வாங்குவோர் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். டீ.வீ.டீ. ரைட்டரில் இரண்டு லேஸர்கள் இருக்கின்றன, டீ.வீ.டீ.க்கு ஒன்று, சீ.டீ.க்கு வேறொன்று. டீ.வீ.டீ. ஒன்றைப் போட்டுக் காட்டி 'நல்லா வேலை செய்யுது' என்று கடைக்காரர் சொன்னால், அது சீ.டீ. லேஸரைப் பற்றி எதையும் சொல்லவில்லை. வெற்றுச் சீ.டீ. ஒன்றைக் கையோடு கொண்டுசென்று, கடையிலேயே பதியச் சொல்லிப் பாருங்கள்.

வேகத்தைப் பற்றி எம்மிடையே ஒரு நம்பிக்கை உண்டு: எவ்வளவு மெதுவாகப் பதிகிறோமோ அவ்வளவு நல்லது என்று. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கங்களில் 'ரெக்கோடிங் பார்'கள் இருந்த நாட்களில் அது உண்மையாக இருந்திருக்கலாம். அக்காலத் தட்டுகளும் ரைட்டர்களும் மெதுவான வேகத்துக்கென்றே செய்யப்பட்டவை. இப்போதைய தட்டுகளின் சாயம் 48, 52 மடங்கு வேகத்துக்கென்று தயாரானது. அதை 4 மடங்கில் சுட்டால் சூடு மிகையாகிப் புள்ளி கெடலாம். உச்ச வேகத்தில் சுட்டால் தட்டின் விளிம்பில் அதிர்வு கூடிப் பிழை பெருகும். 16 அல்லது 24 மடங்கு நடுநிலையானது. எனது ரைட்டரில் 16இல் பதிந்தவையே மிகக் குறைந்த பிழை காட்டின. 80 நிமிடத் தட்டுக்கு ஐந்தாறு நிமிடம்தான் செல்கிறது. அதற்கு மேல் அவசரம் என்ன?

தட்டும் பதிவும்

'தையோ யூடன்' என்ற ஜப்பானிய நிறுவனமே சீ.டீ.-ஆர். தட்டுகளின் முன்னோடி. அதன் தட்டுகளை வல்லுநர்கள் பெரிதும் மதித்தனர். 2015இல் அந்நிறுவனம் இத்தொழிலிலிருந்து விலகிக்கொண்டது. இன்று கடைகளில் இருப்பவற்றிற் பல எத்தனையோ வருடம் தட்டில் கிடந்த பழைய சரக்கு. அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2003இல் வெளியிட்ட கைநூல், பதியாத வெற்றுத் தட்டின் ஆயுளை 5 முதல் 10 ஆண்டு என்றே கணக்கிட்டது. ஆகவே மலிவாகக் கிடைக்கிறதே என்று நூறு தட்டு வாங்க வேண்டாம். பத்து வாங்கி இரண்டைப் பதிந்து சோதித்த பின் மிகுதியை வாங்குங்கள். 'மியூசிக்' என்று எழுதிய தட்டுகள் கணினியில்லாத தனி ஒலிப்பதிவுக் கருவிகளுக்கானவை. கணினியில் பதிவோர் அதற்கு மேலதிகக் காசு கொடுப்பது வீண்.

திரும்பத் திரும்ப அழித்தெழுதும் சீ.டீ.-ஆர்.டபிள்யூ. தட்டுகளை இந்த வேலைக்குத் தொடவே வேண்டாம். அவை ஒளியைத் திருப்பியனுப்புவது சாதாரண தட்டின் மூன்றிலொரு பங்கு அல்லது அதற்கும் குறைவு. பழைய செட்டுகளுக்கு அது இருட்டில் எழுத்து வாசிப்பது போன்றது.

கசட்டிலிருந்து கணினிக்கு ஏற்றுவது தனிக் கட்டுரைக்குரிய விடயம். சுருக்கமாகச் சொல்வதானால், செட்டின் ஹெட்டைச் சுத்தம் செய்யுங்கள். ஒலியளவு உச்சத்தைத் தொட்டுச் சிதறாதவாறு தாழ்த்தி வையுங்கள். 48,000 துண்டு, 24 பிட் என்ற உயர் அளவில் ஏற்றி அந்த மூலக் கோப்பை அப்படியே பாதுகாத்து, இறுவட்டுக்கென 44,100, 16 பிட் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். எம்.பி.3 ஆக்கி அதிலிருந்து பதிய வேண்டாம். இரைச்சலை நீக்குகிறேன் என்று மென்பொருளை அதிகம் விளையாட விட்டால் 'ஸீன்', 'ஸாத்', 'தே' போன்ற எழுத்துகளின் கூர்மை போய்விடும். கசட்டின் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

பதியும் மென்பொருளில் இரண்டு முறைகள் இருக்கும். 'ட்ரக்-அட்-வன்ஸ்' என்பது ஒவ்வொரு பகுதியாக எழுதி, நிறுத்தி, மீண்டும் தொடங்குவது. இதில் பகுதிகளுக்கிடையே இரண்டு விநாடி மௌனம் விழும். 'டிஸ்க்-அட்-வன்ஸ்' என்பது முழுத் தட்டையும் ஒரே மூச்சில் எழுதுவது. ஓதலுக்கு இரண்டாவதே வேண்டும். முதலாவதைத் தெரிந்தால் நீண்ட சூராவின் நடுவே, வக்பு செய்யக் கூடாத இடத்தில்கூட இரண்டு விநாடி நின்றுவிடும். மனனமிடும் பிள்ளை அந்த நிறுத்தத்தையும் சேர்த்தே மனனமிடும்.

ஒரு தட்டில் ஆகக் கூடியது 99 பகுதிகள் வைக்கலாம். சூராக்களோ 114. எப்படியும் முழுக் குர்ஆனும் ஒரு ஓடியோ தட்டில் அடங்காது. நிதானமான ஓதலில் ஒரு ஜுஸ்உவுக்கே ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் செல்லும். எமது வசதிக்கு ஜுஸ்உவுக்கு ஒரு தட்டு என்று வைத்துக்கொண்டோம். நீண்ட சூராக்களில் ஒவ்வொரு முஸ்ஹப் பக்கத்திற்கும் ஒரு பகுதி எண் இட்டோம், இடையில் மௌனமின்றி. இதனால் பிள்ளை தன் செட்டின் 'ரிபீட்' பொத்தானை அழுத்தி ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பக் கேட்க முடிகிறது. இந்த யோசனையைச் சொன்னவரும் அவரே.

பதியும்போது கணினியில் வேறு வேலை செய்யாதீர்கள். இடையில் தகவல் தடைப்பட்டால் நிறுத்திப் பின் ஒட்டித் தொடரும் வசதி 2000ஆம் ஆண்டளவில் வந்துவிட்டது. ஆனாலும் ஒட்டு ஒட்டுத்தான். மின்வெட்டுக்கு எந்த வசதியும் ஈடுகொடுக்காது. யூ.பி.எஸ். இல்லாதவர்கள் மழை நேரத்தில் இவ்வேலையைத் தொடங்காதிருப்பது நல்லது. நான் இப்படி ஒரு தட்டை இழந்திருக்கிறேன்.

சரிபார்த்தல்

இதுவே முழு வேலையிலும் முக்கியமானது. எல்லோரும் விட்டுவிடுவதும் இதையே.

பிழை எண்ணும் ரைட்டரில் இருவகை எண்ணிக்கை வரும். சீ-1 என்பது முதல் கட்டத்திலேயே திருத்தப்படக்கூடிய சிறு பிழைகள். எந்தத் தட்டிலும் இவை சில இருக்கும். இறுவட்டுக்கான தரவிதி, விநாடிக்குச் சராசரி 220 வரை அனுமதிக்கிறது. ஆனால் புதிதாகப் பதிந்த தட்டு அந்த எல்லையருகே நின்றால் அது பிறக்கும்போதே நோயாளி. இரண்டு வருடத்தில் எமது உப்புக் காற்றுக்கு எல்லையைத் தாண்டிவிடும். சராசரி பத்துக்குள் வந்தால் நான் ஏற்றுக்கொள்கிறேன். சீ-2 என்பது அடுத்த கட்டத்துக்குப் போன கடும் பிழை. அதில் ஒன்று வந்தாலும் அந்தத் தட்டை உடைத்துப் போட்டுவிடுகிறேன். காசைப் பார்த்தால் பிள்ளை பிழையாக ஓதும்.

அந்த வசதியில்லாத ரைட்டர் வைத்திருப்போருக்கும் வழியுண்டு. 'எக்ஸாக்ட் ஓடியோ கொப்பி' என்ற இலவச மென்பொருள் கொண்டு, பதிந்த தட்டிலிருந்து ஒலியைத் திரும்பக் கணினிக்கு எடுங்கள். அது சந்தேகமான இடங்களை மீண்டும் மீண்டும் வாசித்து, எங்கே தடுமாறியது என்று காட்டும். எடுத்ததையும் மூலக் கோப்பையும் ஒப்பிடவும் அதில் வசதியிருக்கிறது. தொடக்கத்தில் சில நூறு துண்டுகள் முன்பின்னாக இருக்கலாம். அது ரைட்டரின் சுபாவம், பிழையன்று. நடுவில் வித்தியாசம் இருந்தால்தான் பிழை.

இயந்திரச் சோதனை முடிந்தபின் மனிதச் சோதனை. வீட்டிலுள்ள செட்டுகளில் ஆகப் பழையதும் ஆக மோசமானதும் எதுவோ அதில் போட்டு, முஸ்ஹபைத் திறந்து வைத்து, ஆரம்பம் முதல் இறுதி வரை ஒருவர் கேட்க வேண்டும். தட்டின் வெளிவிளிம்பே அதிகம் கெடும் இடம். ஓடியோவில் அது கடைசிப் பகுதி. நாம் வழமையாக முதல் ஐந்து நிமிடத்தைக் கேட்டுவிட்டுத் திருப்திப்படுவோம். எமது 'வாவ்' காணாமற் போனது ஐம்பத்தோராவது நிமிடத்தில். இப்போது மத்ரஸாவின் மூத்த மாணவர்கள் இருவர் முறை வைத்துக் கேட்கிறார்கள். அவர்களது மீட்டலும் அதோடு நடந்துவிடுகிறது.

தட்டின் மேல் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாம். சமநிலை குலையும், ஈரத்தில் சுருண்டால் செட்டுக்குள்ளேயே சிக்கும். பலர் கீழ்ப்பக்கத்தைக் கண்ணாக வைத்துப் பாதுகாத்து, பெயரெழுதும் மேற்பக்கத்தை அலட்சியம் செய்கிறார்கள். உண்மையில் சாயமும் வெள்ளிப் படலமும் இருப்பது மேற்பக்கத்துக்கு மிக அருகில், மெல்லிய அரக்கின் கீழ். கீழ்ப்பக்கக் கீறலைச் சில வேளை தேய்த்து நீக்கலாம். மேற்பக்கம் கீறினால் எழுத்தே போயிற்று. குமிழ்முனைப் பேனா கூடாது. மெதுமுனைப் பேனாவால் நடு வளையத்தில் இலக்கத்தை மட்டும் எழுதுங்கள். வெயிலும் ஈரமும் படாத அலுமாரியில் நிமிர்த்தி வையுங்கள். ஈரவெப்ப நாடான பெலீஸிலிருந்து வந்த இறுவட்டொன்றில் பூஞ்சணம் படர்ந்து தகவற் படலத்தையே தின்றிருந்ததை ஸ்பானிய விஞ்ஞானிகள் 2001இல் கண்டறிந்தார்கள். கொழும்புக் கரையோரத்து ஈரமும் இலேசுப்பட்டதல்ல.

இத்தனைக்குப் பின்னும் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். எவ்வளவு நன்றாகப் பதிந்தாலும் சீ.டீ.-ஆர். தட்டு பாவனைப் பிரதியே. மூலமாக அதை நம்பக் கூடாது. ஒலி ஆவணக் காப்பாளர்களின் சர்வதேசச் சங்கமும் அதையே வலியுறுத்துகிறது. மூலக் கோப்புகளை இரண்டு வன்தட்டுகளில், இரண்டு வீடுகளில் வைத்திருக்கிறோம். ஒன்று இரத்மலானையில், மற்றையது வெள்ளவத்தையில் என் தாத்தா வீட்டில். பழைய கசட்டுகளையும் எறியவில்லை. அவை இல்லாதிருந்தால் 'வாவ்' இருந்ததற்குச் சாட்சியே இருந்திராது.

அந்தப் பிள்ளைக்கான முப்பது தட்டுகளையும் பதிந்து முடிக்க எமக்கு நான்கு மாதம் சென்றது. பதின்மூன்று தட்டுகள் சோதனையில் தேறாமல் உடைபட்டன. உறைகளின் மேல் பிரெய்ல் புள்ளிகளால் இலக்கமிட்டுத் தந்தவர் அவருடைய உம்மா. பழைய தட்டைத் திருப்பித் தரும்படி கேட்டேன். தந்துவிட்டு, புதியதைச் செட்டில் போட்டு, பொத்தான்களை விரலால் எண்ணி அந்தப் பக்கத்துக்கே நேராகப் போனார். உஸ்தாத் அந்த இடத்துக்கு வந்ததும் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டார்.

"ஈக்குது ஹஸ்ரத்" என்றார்.

பிழையாகப் பதிந்த மனனத்தை நாவிலிருந்து நீக்க இன்னும் மூன்று வாரம் பிடித்தது.